கம்பளித் துண்டும் பித்தளைக் குண்டும்

எங்கள் வீட்டுப் பாத்திரங்களுக்கெல்லாம் அடியில் கம்பளி இருக்கும். பித்தளைக் குடத்துக்கு ஒரு துண்டு, அண்டாவுக்கு ஒரு துண்டு, கவிழ்த்து அடுக்கிய டம்ளர்களுக்கு நீளமாக ஒரு துண்டு. கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கம் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்போம். பூமிக்கு அடியில் பாறைக்கு வெடி வைக்கும்போது வீடு ஒரு உதறு உதறும். ஷெல்ஃபில் இருக்கிற பாத்திரமெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கணகணவென்று பேச ஆரம்பிக்கும். உதறல் பெரிதாக இருந்தால் நகர்ந்து நகர்ந்து வந்து கீழே குதித்துவிடும். அடியில் கம்பளி போட்டால் சத்தமும் வராது, நகரவும் நகராது.

அந்தக் கம்பளிக்குப் பெரிய கதை உண்டு. கோலார் சந்தையில் ஆடு மேய்க்கிறவர்கள் நெய்து கொண்டுவந்து விற்பார்கள். கறுப்பாக, சொரசொரப்பாக, மழை வந்தால் ஆட்டு வாசனையோடு இருக்கும். வாங்கினால் முதலில் என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போர்த்திக்கொண்டு போவார். கிழிய ஆரம்பித்தால் வீட்டில் படுக்கைக்கு வரும். அதிலும் கிழிந்தால் ஷெல்ஃபுக்கு. கம்பளியை இங்கே யாரும் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் சின்ன மகளின் கல்யாணமே அந்தக் கம்பளியில்தான் போய் நின்றது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அந்தச் சின்ன மகள்தான். "அம்மா, நேரா விஷயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன்.

என் வீட்டுக்காரர் அண்டர்கிரவுண்டில் மேஸ்திரி. எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு பங்களாவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். தேக்குக் கட்டிலுக்கும் கண்ணாடி வைத்த பீரோவுக்கும் ஊரே அடித்துக்கொண்டது. இவர் ரெக்கார்டு பிளேயரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கட்டில் இல்லியா?" என்று கேட்டேன்.

"கட்டில் பாடுமா?" என்றார்.

நல்ல கனமான பிளேயர். சுற்றுகிற தட்டு கெட்டியான உலோகம். அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு. அதன் மேல்தான் ரெக்கார்டை வைக்க வேண்டும். ஒரு கை வந்து, நுனியில் இருக்கிற முள்ளை ரெக்கார்டின் மேல் இறக்கும். கூடவே ஒரு பெட்டி ரெக்கார்டும் கொடுத்தார்கள், பாதி இங்கிலீஷ் பாட்டு. பிறகு இவர் ஆண்டர்சன்பேட்டையில் பழைய சாமான் கடையில் தமிழ் ரெக்கார்டுகள் பொறுக்கிச் சேர்த்தார். எனக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தின் நிறம், அட்டையில் எந்த மூலை கிழிந்திருக்கிறது, எங்கே டீ கொட்டியிருக்கிறது, இதை வைத்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். இவர்தான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

பாட்டு நடுவில் முள் சில நேரம் தாவும். தாவினால் வீட்டில் யாராவது ஒருவர் "பிளாஸ்டிங்" என்று சொல்வார், சுரங்கத்தில் வைக்கிற வெடியைத்தான். எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைப்போம். அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். சுவரில் விரிசல் விட்டால் பிளாஸ்டிங். குழந்தை திடுக்கென்று எழுந்தால் பிளாஸ்டிங். பால் திரிந்தால்கூடப் பக்கத்து வீட்டு அம்மா பிளாஸ்டிங் என்பாள். எதையும் அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டோம்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். சின்னவள் பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் டிரெயின் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அந்த டிரெயினில் எங்கள் ஊர் ஃபேக்டரி பக்கத்து ஸ்டேஷனில் ஏறுகிற ஒரு பையன் இருந்தான். பெங்களூரில் ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. இரண்டு பேரும் ஒரே பெட்டியில் போய் வருவார்கள் என்று மட்டும் எழுது என்கிறாள். சரி, அவ்வளவே எழுதிக்கொள். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்தபோது இவள் முகத்தை நான் பார்த்தேன். கேழ்வரகு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. மாவு கூழாகிவிட்டது. அன்றைக்குக் களிக்குப் பதில் கூழ்தான் குடித்தோம்.

பையனின் அப்பா ஹெவி இன்ஜினியரிங் ஃபேக்டரியில் லேத் மிஷின் ஓட்டுகிற டர்னர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நாங்கள் மைன்ஸ்காரர்கள். எங்களுக்கு அவர்கள் ஃபேக்டரிக்காரர்கள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அவ்வளவாகக் கிடையாது. அதனால் எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தோம்.

நல்ல நாள் பார்த்து ஒரு வாரநாளில் மத்தியானத்துக்கு மேல் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அப்பா கையில் ஒரு ரெக்கார்டு. வெள்ளைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"இது நாயன ரெக்கார்டுங்க. எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கினது. எங்க வீட்டுல எந்த நல்ல காரியமும் இதை முழுசாப் போட்டுக் கேக்காம ஆரம்பிச்சதில்லை. என் பிளேயர்ல மோட்டார் போயிடுச்சு. உங்க வீட்டுல பிளேயர் இருக்குன்னு பையன் சொன்னான்."

அது பையனுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் சமையலறைத் திரையைப் பார்த்தேன். திரை ஆடியது.

"அதுக்கின்னாங்க, குடுங்க குடுங்க" என்று என் வீட்டுக்காரர் சந்தோஷமாக வாங்கிப் போட்டார். நாயனம் கம்பீரமாக எழுந்தது. நான் காபி கொண்டுவந்து வைத்தேன். ராகம் மேலே ஏறி ஏறிப் போய் ஒரு இடத்தில் நின்று சுழன்றது. சுழன்றது, மறுபடியும் சுழன்றது. அதே சுரம், அதே சுரம். வித்வான் அங்கேயே மாட்டிக்கொண்டார். இவர் போய் முள்ளைத் தள்ளிவிட்டார். கீச்சென்று ஒரு சத்தம். முள் பின்னால் போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்து மறுபடியும் சுழன்றது.

பையனின் அம்மா குடிக்கப் போன காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க இது, பேச வந்த இடத்துல மங்கள வாத்தியம் இப்படித் திக்குது? எனக்கு மனசு சரியில்ல."

"அய்யே, அது ஒண்ணும் இல்லம்மா, பிளாஸ்டிங்!" என்றார் என் வீட்டுக்காரர். "ஷிப்டு முடியிற நேரம். இந்நேரத்துக்கு அடிப்பாங்க. பூமி ஆடினா முள்ளு இன்னா பண்ணும்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. டர்னர்கூடத் தலையாட்டினார். ஆனால் ரெக்கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கீறல் விழுந்திருக்கும் போலிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "என் பித்தளைக் குண்டை எடுத்துட்டு வந்திருக்கணும். மேல வச்சா ரெக்கார்டு அசையாது."

அந்த அம்மா முடிவாகச் சொன்னார். "பிளாஸ்டிங்னா சகுனம் இல்ல, ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வெடி கிடையாது இல்லையா? அன்னைக்கு வர்றோம். முழுசாப் பாடட்டும். பாடினா தட்டு மாத்திக்கலாம். பாடலைன்னா, தப்பா நினைக்காதீங்க."

தட்டு மாற்றுவது என்றால் வெற்றிலை பாக்கு வைத்து நிச்சயம் செய்வது. அவர்கள் போன பிறகு சின்னவள் வெளியே வந்தாள்.

"எப்பா, நெஜமா பிளாஸ்டிங்தானா?"

"பின்ன இன்னா, பேயா? ஞாயித்துக்கிழமை பாரு, எப்டி பாடுதுன்னு."

ரெக்கார்டை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்த வாரம் முழுக்க அவள் வேலை விட்டு வந்து எங்கள் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். சில தாவின, சில தாவவில்லை. தாவினதையெல்லாம் பிளாஸ்டிங் கணக்கில் சேர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்குப் பையனும் வந்திருந்தான். நல்ல உயரம், உட்கார இடம் தெரியாமல் கதவோரம் நின்றான். என் வீட்டுக்காரர் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அதே தட்டைப் பிளேயருக்கும் காட்டினார். ரெக்கார்டைப் போட்டார்.

நாயனம் எழுந்தது. ஏறியது. அந்த இடத்துக்கு வந்தது.

சுழன்றது. மறுபடியும் சுழன்றது.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஷெல்ஃபைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

"இன்னைக்கு எந்த பிளாஸ்டிங்?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தைச் சமாதானம் பண்ணலாம். வருத்தத்தை என்ன பண்ணுவது? முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

இத்தனை வருஷமாக முள் தாவினால் சுரங்கத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். இப்போது போட இடமில்லை. 

"இரு, இரு" என்று டர்னர்தான் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "குண்டு கொண்டாந்திருக்கேன்."

பைக்குள்ளிருந்து எடுத்தார். பித்தளையில் அவரே லேத்தில் கடைந்தது. மேலும் கீழும் இரண்டு பாகம், மரை போட்டு ஒன்றாக முறுக்கியிருந்தது. நடுவில் துளை. என் முகம் அதில் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. பிளேயரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற குச்சியில் துளையை மாட்டி, ரெக்கார்டின் மேல் வைத்தார். முள்ளை இறக்கினார்.

மோட்டார் முனகியது. நாயனம் நடை தளர்ந்து, குரல் கட்டி, ஆற்று மணலில் மாட்டு வண்டி இழுக்கிற மாதிரி வந்தது.

"ஐயையோ, நிறுத்துங்க!" என்று அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "திக்கினதே தேவலை. இது எழவு வீட்டுச் சத்தமால்ல இருக்கு!"

"வெயிட்டு ஜாஸ்திங்க" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க மோட்டாரு யானை. எங்களுது ஆடு." ஒருவேளை டர்னர் வீட்டு மோட்டார் போனதும் இதனால்தானோ என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சம்பந்தம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்போது என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. மற்றவர் ஒன்று செய்து அது நடக்கவில்லை என்றால் இவருக்கு எப்போதும் தெம்பு வரும். சமையலறைக்குப் போய் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். ரெக்கார்டை எடுத்து டர்னர் மடியில் கொடுத்துவிட்டு, பிளேயரின் ரப்பர் விரிப்பைக் கரண்டிக் காம்பால் தட்டினார். குனிந்து காதை வைத்துக்கொண்டு, ஓரத்தில் தட்டினார், நடுவில் தட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் டர்னர்.

"கல்லு தட்டறேன். கீழ லெவல்ல போனா மொதல்ல மேல இருக்கிற பாறைய கம்பியால தட்டுவோம். கெட்டியா சத்தம் வந்தா பாறை புடிச்சிகினு இருக்குது. பொள்ளலா வந்தா உள்ள காத்து நிக்குது, எப்ப வேணா விழும்." மறுபடியும் தட்டினார். "கேளுங்க. பொத்து பொத்துங்குது. ரப்பரு காஞ்சி கல்லாயி, ஓரம் தூக்கிகிச்சி. தட்டோட ஒட்டவே இல்ல. ரெக்கார்டு இதும்மேல நிக்கல, வழுக்கிகினு கீது."

உண்மைதான். பிடித்துத் தூக்கினால் அப்பளம் மாதிரி விறைப்பாக வந்தது. என்றைக்கு வாங்கினோமோ அன்றைக்குப் போட்டது. அதை யார் தட்டிப் பார்த்தோம்?

ரப்பரை எடுத்துவிட்டு வெறும் தட்டின் மேல் ரெக்கார்டை வைத்துப் பார்த்தார்கள். தட்டு தானாகவே மணி மாதிரி ஒலிக்கிற உலோகம். நாயனத்தோடு சேர்ந்து அதுவும் பேசியது. மேல் சுரமெல்லாம் காதில் ஊசி குத்துகிற மாதிரி, தகர டப்பாவுக்குள் வாசிக்கிற மாதிரி வந்தது. அந்தக் கணகணப்பைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அது என் ஷெல்ஃப் சத்தம்.

"இன்னாங்க, சொல்ப இருங்க" என்று எழுந்து போனேன். பித்தளைக் குடத்தைத் தூக்கி, அடியிலிருந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்தேன். "பாத்திரம் இப்டி கத்தினா இதத்தான் போடறோம். இதுக்கும் போட்டா இன்னா?"

"குடத்துக் கம்பளியா?" என்று அந்த அம்மா மூக்கைச் சுளித்தார்.

"தொவச்சதும்மா" என்றேன். போன மழைக்கு முன்னால் துவைத்தது.

தோசைக்கல் மூடியை வைத்து வட்டமாக வெட்டினோம். முதலில் இரண்டாக மடித்துப் போட்டேன், மெத்தென்று இருக்கட்டும் என்று. அது சரிப்படவில்லை. ரெக்கார்டு உயர்ந்து, முள் பிடித்த கை அண்ணாந்து பார்த்தது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அமுங்கி வந்தது. தவில் மட்டும் எங்கேயோ தூரத்துத் தெருவில். டர்னர் குனிந்து கண்ணை ரெக்கார்டுக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, "ஒத்தையாப் போடுங்கம்மா, கை மட்டமா இருக்கணும்" என்றார். ஒற்றையாகப் போட்டோம். அப்பா, என்ன சத்தம்! ஊசிக்குத்து போய்விட்டது. நாயனம் வட்டமாக, முழுசாக வந்தது. மூச்சு எடுக்கிறதுகூடக் கேட்டது.

எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தோம். அந்த இடம் வந்தது. ஒரு சுற்று சுழன்றது, தாண்டியது. நான் கையைத் தட்டப் போனேன். உடனே அடுத்த சுரத்தில் மாட்டிக்கொண்டது.

"கொஞ்சம் நகந்துருக்கு" என்று பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு" என்றார் அவன் அம்மா.

டர்னர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். ரெக்கார்டு சுற்றச் சுற்ற, ஓரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் மாறியிருந்தது.

"ரெக்கார்டு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் தூக்கியிருக்கு."

"குழியாம என்ன செய்யும்?" என்று அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "டிவி மேல வைக்காதீங்க, சூடுன்னு நான் சொல்றப்பல்லாம் என்ன சொன்னீங்க? 'சாமி படம் மாதிரி உயரத்துல இருக்கட்டும்'னீங்க. இப்ப இவங்க வீட்டு மிஷினைக் குத்தம் சொல்லிட்டிருக்கோம்!"

ஆக எங்கள் ரப்பரும் காய்ந்திருந்தது, அவர்கள் ரெக்கார்டும் வளைந்திருந்தது. பாவம், நாங்கள் சுரங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் மரியாதைக்காகச் சிரிக்காமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"குண்டைப் பாதியாக் கழட்டலாம்" என்று டர்னர் மரையைத் திருகி மேல்பாதியை எடுத்தார். கீழ்ப்பாதி மட்டும் வைத்தால் மோட்டார் முனகவில்லை, சுதி இறங்கவில்லை. ஆனால் நடுவை அமுக்கினால் ஓரம் இன்னும்தான் தூக்கியது. அவர் கையை விரித்துக் காட்டினார். "நடுவுக்கு அடியில ஒரு வளையம் வேணும், வாஷர் மாதிரி. சின்னதா. அதும்மேல ரெக்கார்டு உக்காந்து, மேல இருந்து குண்டு அமுக்கினா, ஓரம் தானா கீழ போய்க் கம்பளியில ஒட்டும். நாளைக்கு ஃபேக்டரியில வெட்டிட்டு வர்றேன்."

"நாளைக்கா?" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு அஷ்டமி. அப்புறம் ஆடி. ஆடியில பேச மாட்டோம். அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்க்காமல் போன சம்பந்தங்கள் எங்கள் லைனிலேயே எத்தனையோ.  பையன் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது திரை விலகியது. பெண் பார்க்க வந்த வீட்டில், கூப்பிடாமல், காபித் தட்டும் இல்லாமல், பெண் நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். கையில் ஒரு வளையம். கறுப்பு ரப்பர்.

"இது சரியா இருக்குமா பாருங்க" என்று டர்னரிடம் நீட்டினாள்.

எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடிக்குள் இருக்கிற வளையம். கத்தியால் நெம்பி எடுத்திருக்கிறாள். துடைத்திருந்தாள்தான், ஆனாலும் எண்ணெய் மினுமினுத்தது. எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டர்னர் வாங்கி, குண்டின் அடியில் வைத்து அளந்து பார்த்தார். குண்டைவிடக் கொஞ்சம் சின்னது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்மா!"

அந்த அம்மா இவளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற பையனைப் பார்த்தார். மறுபடியும் இவளைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு ஆடி வரைக்கும் பொறுக்காது போல!"

இவள் உள்ளே ஓடிவிட்டாள். எழுதும்போது இப்போதுகூடச் சிரிக்கிறாள் பாருங்கள்.

கம்பளி, அதன் மேல் ஊறுகாய் வளையம், அதன் மேல் ரெக்கார்டு, அதன் மேல் அரைக் குண்டு. என் வீட்டுக்காரர் முள்ளை இறக்கினார். சுற்றும்போது ஓரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தண்ணீர் நிரம்பிய தட்டு மாதிரி மட்டமாக இருந்தது. சத்தமும் மாறியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, தவிலில் விரல் தட்டுவது வேறாகவும் குச்சி தட்டுவது வேறாகவும் கேட்டது. அதுவரை இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருக்கிறேன். சுதி ஆடாமல் கோடு போட்ட மாதிரி நின்றது. ராகம் ஏறியது. ஏறி அந்த இடத்துக்கு வந்தது.

 வித்வான் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, படி இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கிப் போனார். அந்த நிமிஷம் வரைக்கும் அந்தச் சுழற்சிக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் அந்த ரெக்கார்டிலேயே அழகான இடம்.

கடைசி வரைக்கும் பாடியது. முடிந்து முள் நடுவில் கிர் கிர் என்று உரசிக்கொண்டிருந்தபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ ரெக்கார்டுப் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்ன ஊறுகாய் சம்பந்தியம்மா இது? வாசனை தூக்குதே!"

தட்டு மாற்றுவதற்கு முன்னால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அவர் யோசித்துச் சொன்னாரா, வாய் தவறி வந்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் "ஊறுகாயைத்தான் கேட்டேன்" என்பார். என் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டைத் தேடி எழுந்து ஓடியதில் மைசூர்பாகு டப்பாவை மிதித்தார்.

"எலுமிச்சைங்க சம்பந்தியம்மா" என்றேன். "போகும்போது பாட்டிலோட எடுத்துகினு போங்க. மூடிதான் இனிமே நிக்காது."

கல்யாணம் நடந்தது. பிறகு சம்பந்தி ரப்பர், தோல் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வெட்டிப் போட்டுப் பார்த்தார். அவருக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கம்பளி மயிர் உதிர்ந்து முள்ளில் சிக்கும், தூசி பிடிக்கும், அடிக்கடி தட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அது நியாயம்தான். தோலில் பேச்சும் வசனமும் தெளிவாகக் கேட்கும். ஆனால் நாயனத்துக்குத் தோல் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரர் இரண்டையும் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, எது கெட்டியோ அது என்பார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் உட்கார்ந்து இதைத்தான் பேசுவோம். சம்பந்தியம்மா மட்டும் "எதையாவது போட்டுத் தொலைங்க, பாடினா சரி" என்று உள்ளே போய்விடுவார்.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வீடு உதறுவதில்லை. ஆனாலும் பாத்திரங்களுக்கு அடியில் கம்பளி போடாமல் எனக்குக் கை வராது. குடத்துக்குப் புதுத் துண்டு போட்டேன். போன மாதம் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கும் அந்த ரெக்கார்டைத்தான் முழுசாகப் போட்டுக் கேட்டோம். பேத்தி எல்லாவற்றையும் அவளே அடுக்கினாள். கம்பளி, வளையம், ரெக்கார்டு, குண்டு. வளையத்தை மட்டும் வைப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தாள்.

அந்த ஊறுகாய் பாட்டில் சம்பந்தி வீட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஊறுகாய் போட்டு நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். மூடி நிற்காததால் வாயில் துணி கட்டி வைத்திருக்கிறார்கள்.